கதையை எடுத்துவிட்டால்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ ஆகிய நான்கு கருவிகளுக்கு எழுதிய 'காலத்தின் முடிவுக்கான குவார்ட்டெட்'டில் மூன்றாம் பகுதியான 'பறவைகளின் படுகுழி'யைக் கேட்டேன். பின்னணிச் சுருதிகூட இல்லாமல் ஏழெட்டு நிமிடம் கிளாரினெட் மட்டும் ஒலிக்கிறது. அவர் போர்க்கைதியாக இருந்த ஜெர்மானியச் சிறைமுகாமில், தந்தி அறுந்த செல்லோவுடன் அது அரங்கேறிய கதையைப் படித்துக் கண்கலங்கினேன். கதையை மறந்துவிட்டுக் கேட்டால் என்ன மிஞ்சும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்த கதையில் பாதி இந்தப் பகுதிக்குப் பொருந்தாது. கெர்லிட்ஸ் முகாமில் 1941 ஜனவரி 15 அன்று முழுப் படைப்பும் அரங்கேறியது உண்மை. செல்லோவில் மூன்று தந்திகளே இருந்தன என்று மெசியான் சொல்லிவந்தார். அதை வாசித்த எத்தியென் பாஸ்கியே நான்கும் இருந்தன என்று மறுத்திருக்கிறார். அதைவிட முக்கியமானது, கிளாரினெட்டுக்கான இந்தப் பகுதி முகாமுக்குப் போவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது. பிரான்சின் நான்சி நகருக்கு அருகே கைதிகளைத் திறந்தவெளியில் வைத்திருந்தபோது, பாஸ்கியே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, கிளாரினெட் கலைஞர் ஆன்றி அகோக்கா அதை முதன்முதலாக வாசித்துப் பார்த்து, இது தன்னால் ஆகாது என்று முணுமுணுத்தார்.

அவர் முணுமுணுத்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே சுரத்தைக் காதுக்கு எட்டாத மென்மையில் தொடங்கி, கருவியின் முழு வலிமை வரை ஒரே மூச்சில் வளர்க்கும்படி மெசியான் கேட்கிறார். இரட்டை நாணல் கொண்ட ஓபோ என்னும் ஊதுகருவி ஒலியெழுப்பவே குறிப்பிட்ட அழுத்தம் வேண்டும் என்பதால் அதன் சுரம் பிறந்த கணம் நமக்குத் தெரிந்துவிடும். ஒற்றை நாணல் கொண்ட கிளாரினெட்டிலோ, நல்ல வித்வான் வாசித்தால், சுரம் எப்போது தொடங்கியது என்பதையே சொல்ல முடியாது. உரக்க ஊத ஊத அதன் சுருதி இறங்கப் பார்க்கும் என்பதால், ஒலி பெருகும் அந்த நேரம் முழுவதும் உதடு சுருதியைத் தாங்கிப் பிடித்தபடியே இருக்க வேண்டும்.

துணைக் கருவிகள் இல்லாததும் இதனோடு சேர்ந்ததுதான். மெசியான் தம் முன்னுரையில் படுகுழி என்பது காலம், அதன் துயரமும் சலிப்பும் என்கிறார். பறவைகள் அதற்கு நேரெதிர். எட்டிலொரு பங்குச் சுரம் நிமிடத்துக்கு 44 என்ற மிக மெதுவான வேகத்தில், எண்ணுவதற்குத் தாளமோ சாய்ந்துகொள்ள ஒத்திசைவோ இல்லாமல் ஒரு மெட்டு நகரும்போது, அந்தச் சலிப்பு நமக்கே நேர்கிறது. பியானோ ஒரு கோர்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சில சுரங்கள், வாசித்திருந்தால்கூட நாம் அடுத்ததற்காகக் காத்திருக்கத் தொடங்கியிருப்போம். நடுவில் வரும் பறவைக் குரல்கள் என்னை அவ்வளவாக ஈர்ப்பதில்லை. 1950களில் இனம் பிரித்து எழுதிய பறவையிசையின் துல்லியம் இங்கே இன்னும் வரவில்லை. ஆனால் அவற்றுக்குப் பின் தொடக்க மெட்டு ஒரு ஸ்தாயி கீழே திரும்புகிறது. கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயி வேறொரு கருவியோ என்று எண்ண வைக்கும் அளவுக்குக் கருமையானது என்பதால், அதே மெட்டு அதே மெட்டாக இருப்பதில்லை.

பேருந்தில் கேட்டீர்கள் என்றால் அந்த நீள்சுரத்தின் முதல் பாதி உங்களுக்குக் கிடைத்திருக்காது. அமைதியான அறையில், இடையில் ஒலியளவைக் கூட்டாமல் கேளுங்கள். முடிந்ததும் நிறுத்தாமல் நான்காம் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே வயலினும் செல்லோவும் கிளாரினெட்டோடு சேர்ந்து துள்ளலான இரண்டெண்ணிக்கைத் தாளத்தில் புறப்படும்போது, அதுவரை தாளம் எவ்வளவு முழுமையாக விலக்கி வைக்கப்பட்டிருந்தது என்பது தெரியும்.