ஜப்பானில் கூட்டம் நெரியாத, பழைய கடற்கரை ஊர் எது?

கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போகும் வழியில் ஒரு நாள் கையில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் தோமோனோஊரா. புக்குயாமா ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம்தான்.

போவதற்கு முன் அன்றைக்குக் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் போய் அசடு வழிந்தேன். படத்தில் பார்த்த பெரிய கல் படித்துறையைத் தேடினால் நாலைந்து படிதான் தெரிந்தது, மிச்சமெல்லாம் தண்ணீருக்குள். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடல் இறங்க இறங்க, பாசி பிடித்த படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

ஊரின் சூட்சுமமே அதுதான். செத்தோ உள்நாட்டுக் கடலில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ஏறிவரும் ஓதம் இந்த ஊர்ப் பக்கம்தான் சந்திக்கிறது. வற்றும்போது இரண்டு பக்கமும் திரும்பி ஓடுகிறது. பாய்மரக் கப்பல்கள் ஏறும் நீரோடு உள்ளே வரும், இறங்கும் நீருக்காகக் காத்துக் கிடக்கும், பிறகு அதோடு மறுபக்கம் போகும். அப்படிக் காத்துக் கிடந்தவர்களை வைத்துப் பிழைத்த ஊர் இது. நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் சரக்கு இறக்கத்தான் அத்தனை படிகள். பக்கத்தில் நிற்கும் கல்விளக்கு 1859-இல் எழுப்பியது. நீராவிக் கப்பலுக்கு ஓதம் தேவைப்படவில்லை. ஊர் அப்படியே நின்றுவிட்டது.

ஃபுக்குசென்ஜி கோயிலின் விருந்தினர் கூடத்தைத் தவற விடாதீர்கள். பாயில் உட்கார்ந்தால், திறந்த சட்டங்களுக்கு நடுவே பெந்தென் தீவும் சென்சுய் தீவும் தெரியும். 1711-இல் கொரியத் தூதுக்குழுவில் வந்த ஒருவர் ஜப்பானிலேயே இதுதான் முதல் காட்சி என்று புகழ்ந்தார். கொஞ்சம் மிகைதான், ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவரோடு சண்டை போட முடியவில்லை.

இந்தத் துறைமுகத்தில் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் கட்ட 1983-லேயே திட்டம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் வழக்குப் போட, 2009-இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் இந்தக் காட்சியைக் காக்கவே தடை விதித்தது. பிறகு பாலத்தைக் கைவிட்டு மலைப்பக்கம் சுரங்கச் சாலை என்று முடிவானது. பாலம் கேட்டவர்களையும் குறை சொல்ல மாட்டேன்: எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னால் போயாக வேண்டிய தெருக்கள் அவை.

ஹோமேய்ஷு என்ற மூலிகை மது இந்த ஊர்ச் சரக்கு, 16 வகை மூலிகை சேர்ந்தது. எனக்குத் தீபாவளி லேகியத்தைக் கரைத்துக் குடித்தது போலிருந்தது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம் ஆகும். அதற்குள் படகில் ஐந்தே நிமிடத்தில் சென்சுய் தீவுக்கும் போய் வந்துவிடலாம்.