மருந்தும் லிப்பிடும் ஒரே படலத்தில் சேருமா? கேள்வி பதில்

ஸ்டென்ட், கதீட்டர், எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் ஆகியவற்றின் மேல் பூச ஆராயப்படும் லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு), மருந்துக் கலவைகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. லாங்மூர் தொட்டியில் (தண்ணீர்மேல் மெல்லிய படலத்தைப் பரப்பி, நகரும் தடுப்பால் நெருக்கி அளக்கும் தொட்டி) பல ஆண்டுகளாக வேலை செய்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மேடம், உலோகத்தில் பூசப்போவதை எதற்கு முதலில் தண்ணீர்மேல் பரப்பிப் பார்க்கிறார்கள்? (எம்.எஸ்சி. வேதியியல் மாணவி)

தண்ணீர்மேல்தான்மா மூலக்கூறுகளைக் கணக்குப் பார்த்து விட முடியும். லிப்பிடின் தலை நீரை நாடும், இரண்டு வால்கள் நீரை விட்டு விலகும். குளோரோஃபார்மில் கரைத்துச் சில துளிகள் விட்டுக் கரைப்பான் ஆவியாகக் காத்திருந்தால், ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் படலம் நிற்கும். தடுப்பை நகர்த்தி நெருக்க நெருக்கப் பரப்பு அழுத்தம் ஏறும். எத்தனை மூலக்கூறு விட்டோம் என்பதும் பரப்பும் தெரிவதால், ஒன்றுக்கு எவ்வளவு இடம் என்று வகுத்துவிடலாம். ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் இப்படி ஒரு தொட்டியை வீட்டிலேயே செய்தார். அவர் இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வந்தது. கல்லூரிப் பக்கம் போக வாய்ப்புக் கிடைக்காத பெண் அவர். லாங்மூர் பெயர் சொல்லும் வகுப்பில் அவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும்.

மருந்தும் லிப்பிடும் ஒத்துப்போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மருந்தியல் மாணவர்)

கூட்டல் கணக்குதான் தம்பி. ஓர் அழுத்தத்தில் ஒரு மூலக்கூறுக்கு லிப்பிட் தனியே 0.5 சதுர நானோமீட்டரும், மருந்து தனியே 1.5ம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். சரிபாதி கலந்தால் சராசரி 1.0 வர வேண்டும். அளந்தால் 0.9 வருகிறது என்றால், ஒன்றை ஒன்று நெருங்கி அமர்ந்திருக்கின்றன. 1.1 என்றால் தள்ளிக்கொள்கின்றன. கொலஸ்ட்ரால் சேர்த்த லிப்பிட் படலம் சுருங்குவது இதற்குப் பழைய, நல்ல உதாரணம்.

சரியாக 1.0 வந்தால்? (அதே மாணவர்)

பலர் இடறும் இடம் இது. நன்றாகக் கலந்து, ஈர்ப்பும் விலக்கும் சமமாக இருந்தாலும் 1.0 வரும். கலக்கவே கலக்காமல் மருந்து ஒரு திட்டு, லிப்பிட் ஒரு திட்டு என்று பிரிந்து கிடந்தாலும் 1.0தான் வரும். அப்போது படலம் குலையும் அழுத்தத்தைப் பாருங்கள். கலவை விகிதம் மாற மாற அதுவும் மாறினால் கலந்திருக்கிறது. எந்த விகிதத்திலும் அசையாமல் நின்றால் பிரிந்திருக்கிறது. நீர்ப்பரப்பின் படலத்தை ஒளியால் காட்டும் புரூஸ்டர் கோண நுண்ணோக்கியில் பார்த்தால் திட்டுகளே கண்ணில் படலாம்.

சுருக்கம் கண்டதும் ஈர்ப்பு என்று எழுதிவிடவும் வேண்டாம். மருந்து சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிப்போனாலும் பரப்பு குறையும். இபுப்ரொஃபென் ஓர் அமிலம். இரத்தத்தின் பிஎச் அளவான 7.4இல் பெரும்பாலும் அயனியாகிக் கரைந்துவிடும். நானும் ஒரு முறை அப்படிக் கரைந்ததை ஈர்ப்பு என்று நம்பி மூன்று வாரத் தரவைக் கைவிட நேர்ந்தது. தடுப்பை நிறுத்தி, அழுத்தம் தானாக இறங்குகிறதா என்று அரைமணி பாருங்கள்.

ஈர்ப்பு என்றால் எந்த மாதிரி ஈர்ப்பு? (ஆய்வு மாணவி)

மருந்துக்கு மருந்து வேறுபடும். பூஞ்சைக்கு எதிரான ஆம்ஃபோடெரிசின் பி எனக்குப் பிடித்தமானது. அதன் சர்க்கரைப் பகுதியில் ஓர் அமீன் குழு, நேர்மின்னேற்றம். லிப்போசோம் (லிப்பிடாலான நுண்ணிய குமிழி) வடிவ மருந்தில் டிஎஸ்பிஜி என்ற எதிர்மின்னேற்ற லிப்பிடைச் சேர்த்தது அதைப் பிடித்து வைக்கத்தான். நீண்ட வளையப் பகுதியோ ஸ்டெரால்களை (கொலஸ்ட்ரால் வகை மூலக்கூறுகளை) நாடும். அதிலும் கொலஸ்ட்ராலைவிடப் பூஞ்சையின் எர்கோஸ்டெராலை அதிகம் நாடும். இந்தச் சிறு வேறுபாட்டின் பலத்தில்தான் அது பூஞ்சையைக் கொல்கிறது. வேறுபாடு சிறிது என்பதால்தான் நம் செல்களையும் தொந்தரவு செய்கிறது.

அப்பாவுக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அதில் இப்படிப்பட்ட படலமா இருக்கிறது? (ஒரு மகள்)

இல்லைம்மா. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற சைஃபர் ஸ்டென்டில் சிரோலிமஸ் மருந்து பாலிமருக்குள் இருந்தது, சதுர சென்டிமீட்டருக்கு 140 மைக்ரோகிராம். ஒரே மூலக்கூறு உயரப் படலத்தில் மருந்தை மட்டும் நிரப்பி, ஒன்றுக்கு 1 சதுர நானோமீட்டர் என்று கணக்குப் போட்டால் 0.15 மைக்ரோகிராம்தான் வரும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே தொட்டிப் படலம் மருந்துக் கிடங்கு ஆகாது; எந்த ஜோடி நிலைத்து நிற்கும் என்று சோதிக்கும் இடம் அது. லிப்பிடிடம் கற்ற பாடம் ஸ்டென்டுக்குப் போனதும் உண்டு. எண்டெவர் ஸ்டென்டின் பூச்சில் இருந்த பாஸ்போரில்கோலின், சிவப்பணுவின் வெளிப்புற லிப்பிட் தலையைப் போன்றது. அப்பாவின் மாத்திரைகளைப் பற்றிய எந்த முடிவையும் இதய மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும்? (ஆய்வு மாணவி)

உடலுக்கான பூச்சு என்றால் 37 டிகிரியில் கட்டாயம் ஒரு முறை. டிபிபிசி என்ற லிப்பிடின் வால்கள் 41 டிகிரியில் உருகும், டிஓபிசி என்ற இன்னொரு லிப்பிடின் வால்கள் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகிவிடும். 20 டிகிரியில் மட்டும் அளந்து, உடம்புக்குள்ளும் அப்படியே இருக்கும் என்று எழுதினால் நான் ஏற்கமாட்டேன்.