ஆன்லைனில் தனிப்பட்ட முறையில் பழைய பொருள் விற்கும்போது, பணம் செலுத்தும் கட்டணத்தை விற்பவர் ஏற்க வேண்டுமா, வாங்குபவர் ஏற்க வேண்டுமா?

கேள்வியோடு உங்கள் கதையையும் எழுதியிருக்கிறீர்கள். பழைய கியர் சைக்கிள் ஒன்றை 12,000 ரூபாய்க்குப் பேசி முடித்தீர்கள். வாங்குபவர் கிரெடிட் கார்டில்தான் தர முடியும் என்றார். நீங்களும் மெனக்கெட்டு ஒரு பேமென்ட் கேட்வேயில் (கார்டில் வரும் பணத்தை வாங்கி, தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு நம் கணக்கில் சேர்க்கும் இணையச் சேவை) கணக்குத் திறந்து லிங்க் அனுப்பினீர்கள். அவர் 12,000 கட்டிவிட்டார். உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்ததோ 11,716 ரூபாய் 80 காசு. குறைந்த 283 ரூபாய் 20 காசை அவரிடம் கேட்டால், "நான் பேசிய தொகையைக் கட்டிட்டேனே" என்கிறார். சைக்கிளோடு தருவதாகச் சொன்ன காற்றடிக்கும் பம்ப் மட்டும் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்த 283 ரூபாயை அவர் ஏற்றிருக்க வேண்டும். ஆனால் இப்போது அது உங்கள் தலையில்தான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாகும் என்று கேட்டால், எனக்கு இதைப் புரிய வைத்த காரைக்குடிப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பழைய வால்வு ரேடியோ சேர்ப்பவன். சில வருடங்களுக்கு முன் காரைக்குடியில் ஒருவர் வீட்டில் நல்ல மரப்பெட்டி ரேடியோ ஒன்று இருப்பதாகத் தெரிந்து, போனிலேயே பேசி 4,500 ரூபாய்க்கு முடித்தேன். அவரிடம் பட்டன் போன்தான். யுபிஐ எல்லாம் கிடையாது. பாஸ்புக் எண்ணைச் சொன்னார். நான் கோவையில் அதே வங்கியின் கிளைக்குப் போய், சலான் எழுதி, 4,500 ரூபாயை ரொக்கமாகவே அவர் கணக்கில் கட்டினேன். மறுநாள் போன்.

"தம்பி, பணம் வந்துருச்சு. அம்பத்தொம்பது ரூபா கொறையுதே."

வெளியூர்க் கிளையில் ரொக்கம் கட்டினால் வங்கி ஐம்பது ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அதுவும் கட்டிய என்னிடம் கேட்கவில்லை, சத்தமில்லாமல் அவர் கணக்கில் கழித்துவிட்டது. "நான் முழுசா கட்டிட்டேங்கய்யா, சலான் இருக்கு" என்றேன். "இருக்கட்டும் தம்பி. நான் சொன்ன வெல என் கைக்கு வர்றதுதானே?" என்றார்.

என் மனதில் விலை என்பது என் கையிலிருந்து போகும் தொகை. அவர் மனதில் அது அவர் கைக்கு வந்து சேரும் தொகை. இருவருமே 4,500 என்று சொல்லியிருந்தோம். இடையில் வங்கி உட்கார்ந்திருந்தது யார் கணக்கிலும் இல்லை. இந்தச் சண்டைகள் எல்லாமே இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். பழைய வண்டி விற்பவர்கள் இதனால்தான் "கையில எவ்வளவு வரும்?", "நெட்டா சொல்லுங்க" என்று கேட்பார்கள். தரகர், எழுத்துக்கூலி, பேர் மாற்றும் செலவு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் வெளியே தள்ளிவிடுவார்கள்.

ரேடியோவை எடுக்கப் போனபோது அறுபது ரூபாய் கொடுத்தேன். உள்ளே போய்த் தேடி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

இந்தக் கட்டணம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொருவர் தலையில் விழுந்திருக்கிறது. மணியார்டர் காலத்தில் அனுப்புபவர்தான் கமிஷன் கட்டினார், நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய். டிராஃப்ட் எடுத்தாலும் எடுப்பவர் செலவுதான். வெளியூர்க் காசோலை வந்தபோது முதல் குழப்பம். வசூல் கமிஷன் பெறுபவரிடம் போனது. அதனால்தான் அந்தக் காலச் சிற்றிதழ்களின் சந்தா விவரத்தில் "வெளியூர்க் காசோலை எனில் வங்கிக் கமிஷன் சேர்த்து அனுப்பவும்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். நூறு, இருநூறு சந்தாவில் அது பெரிய தொகை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், அந்த வரியை அவர்கள் முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். காசோலை வந்த பிறகு கடிதம் போட்டுக் கேட்கவில்லை.

கார்டு வந்ததும் கட்டணம் முழுவதுமாகப் பெறுபவர் பக்கம் சாய்ந்தது. கடைக்காரருக்கு அது சரி. கார்டு வாங்கிக்கொள்வதால் அவருக்கு வியாபாரம் கூடுகிறது, கட்டணத்தை எல்லாப் பொருளின் விலையிலும் பரவலாகப் போட்டுக்கொள்ளலாம். வாழ்நாளில் ஒரே ஒரு சைக்கிள் விற்கும் உங்களுக்கு எதில் பரவலாகப் போட வழி இருக்கிறது? "கடையில எல்லாம் கார்டுக்குத் தனியா கேக்க மாட்டாங்களே" என்று வாங்குபவர் சொன்னால், அவர் உங்களைக் கடையாக நினைக்கிறார் என்று அர்த்தம்.

இந்தியாவுக்குள் உண்மையில் இந்தத் தகராறு வரவே தேவையில்லை. ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யுபிஐயில் அனுப்பினால் இரு பக்கமும் கட்டணம் இல்லை. கடைகளுக்கும் 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர் எனப்படும் வணிகர் கட்டணம் பூஜ்யம். யுபிஐயில் அனுப்ப முடியாத பெரிய தொகை என்றால், சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழியாக நெஃப்டில் அனுப்பலாம், அதற்கும் அதே 2020இலிருந்து கட்டணம் கிடையாது. இலவசமான வழி கண்ணெதிரே இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒருவர் கார்டுதான் என்று நிற்கிறார் என்றால் அவருக்கு அதில் ஏதோ லாபம் இருக்கிறது. ரிவார்டு பாயிண்டாக இருக்கலாம், நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத தவணையாக இருக்கலாம், ஈஎம்ஐயாக இருக்கலாம். கையில் பணமில்லாமலும் இருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சௌகரியம் அவருடையது, செலவு மட்டும் உங்களுடையது என்பது நியாயமில்லை. என் கட்சி இதுதான்: செலவு வைக்கும் வழியை யார் கேட்கிறாரோ, செலவும் அவருடையது.

இது வாங்குபவருக்கு எதிரான கட்சி என்று நினைக்க வேண்டாம். எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். வேறொரு ரேடியோவை விற்க வந்த ஒருவர் தன் கணக்கு எண்ணைத் தரமாட்டேன், தன் நிறுவனத்தின் லிங்க் வழியாகத்தான் கட்ட வேண்டும், "இரண்டு சதவீதம் எக்ஸ்ட்ரா" என்றார். வழியைத் தேர்ந்தெடுத்தவர் அவர். நான் ஏன் தர வேண்டும்? அந்த ரேடியோவை விட்டுவிட்டேன். (அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.)

அப்படியென்றால் உங்கள் 283 ரூபாய் ஏன் உங்கள் தலையில்? நீங்கள் முதலில் சொல்லவில்லை, அவ்வளவுதான். 12,000 என்றீர்கள், அவர் கார்டு என்றார், நீங்கள் சரி என்று லிங்க் அனுப்பினீர்கள். அந்த லிங்க்கிலும் 12,000 என்றுதான் இருந்தது. அதற்குப் பிறகு கேட்பது பேசிய விலையை ஏற்றுவதாகத்தான் அவருக்குத் தெரியும். வீடு, நிலம் வாங்கும்போது முத்திரைத்தாள் செலவு யாருடையது என்று பாருங்கள். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் 29ஆவது பிரிவில் கிரயப் பத்திரத்துக்கு அது வாங்குபவர் செலவு என்கிறது. ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த விதி. பேசிக்கொண்டால் எப்படியும் வைத்துக்கொள்ளலாம், பேசாவிட்டால் இப்படி என்று ஒரு முடிவை எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிளுக்கும் ரேடியோவுக்கும் அப்படி எழுதி வைத்த முடிவு இல்லை. அதனால் பேச வேண்டிய வேலை நம்முடையதாகிவிடுகிறது.

பேசும்போது கணக்கையும் சரியாகப் போடுங்கள், இதில் பலர் சறுக்குவார்கள். கேட்வே வழக்கமாக 2 சதவீதமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும். மொத்தம் 2.36 சதவீதம். கையில் 10,000 வர வேண்டும் என்று 236 ரூபாயைக் கூட்டி 10,236க்கு லிங்க் போட்டால் உங்களுக்கு 9,994 ரூபாய் சொச்சம்தான் வரும். கூட்டிய பணத்துக்கும் சேர்த்துத்தானே கட்டணம் பிடிப்பார்கள். 10,000ஐ 0.9764ஆல் வகுக்க வேண்டும், 10,241 ரூபாய் 70 காசு. ஆறு ரூபாய்க்காக யாரும் அழப்போவதில்லை. ஆனால் லட்ச ரூபாய் கேமராவுக்கு இதே தப்பு ஐம்பத்தைந்து ரூபாய்க்கு மேல் போகும்.

இன்னொன்று, "நண்பர் கடையில் ஸ்வைப் பண்ணிக்கலாம்" என்ற யோசனை வரும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்தாலும் தனிநபருக்கு அனுப்ப முடியாது என்பதால் இந்த யோசனை அடிக்கடி எழுகிறது. நானும் ஒருமுறை செய்தேன். கடை நடத்தும் நண்பருக்குப் பணம் இரண்டு நாள் கழித்து வந்தது, அது அவருடைய விற்றுமுதலில் ஏறியது, அவருடைய ஆடிட்டர் எதற்கான பில் என்று கேட்டார். நண்பர் முகத்துக்காகச் சிரித்தார். திரும்பச் செய்ய மாட்டேன்.

வெளிநாட்டில் கதை வேறு. என் சித்தி மகன் அமெரிக்காவில் பழைய ஃபவுண்டன் பேனாக்கள் வாங்கி விற்பவன். அங்கே பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் இரண்டு வழி இருக்கிறது. பொருளுக்கான பணம் என்று அனுப்பினால் பெறுபவரிடம் 2.99 சதவீதமும் 49 சென்ட்டும் பிடிப்பார்கள். நண்பர்கள், குடும்பத்தினருக்கு என்று வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் உள்நாட்டில் கட்டணமே இல்லை. 300 டாலர் பேனாவுக்கு வித்தியாசம் 9 டாலர் 46 சென்ட். உடனே விற்பவர்கள் என்ன சொல்வார்கள்? "நண்பர் என்று போட்டு அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று சதவீதம் சேர்த்துக் கொடுங்கள்." கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் நண்பர் என்று போட்டு அனுப்பினால், பொருள் வராவிட்டாலோ நிப்பு உடைந்து வந்தாலோ புகார் செய்து பணத்தை மீட்கும் பாதுகாப்பு வாங்குபவருக்கு இல்லை. பொருள் விற்கும்போது அப்படி அனுப்பச் சொல்வதை பேபால் விதிகளும் அனுமதிப்பதில்லை.

ஆக அந்த ஒன்பது டாலர் வெறும் அனுப்புகூலி இல்லை, அதில் ஒரு பங்கு காப்பீடு மாதிரி. காப்பீட்டின் பயன் வாங்குபவருக்கு என்பதால் அவரே கட்டட்டும் என்று ஒரு வாதம் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் 300 டாலரை நம்பி அனுப்புவதே அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான், அதனால் விற்பவருக்கும் பயன்தான் என்பது மறுவாதம். பெரிய தளங்களே இதில் கட்சி மாறுகின்றன. பிரிட்டனில் ஈபே 2024 அக்டோபரில் தனிநபர் விற்பனையாளர்களுக்கான விற்பனைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, 2025 பிப்ரவரியில் வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பழைய துணி விற்கும் விண்டெட் தளத்திலும் பாதுகாப்புக் கட்டணம் வாங்குபவர் தலையில்தான். சித்தி மகன் இந்த வம்பே வேண்டாமென்று பேனா விலையை 310 என்று போட்டுவிடுகிறான், கட்டணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. விற்கத்தான் செய்கிறது.

பொருள் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதையும் யாரும் பேசுவதில்லை. பேபாலில் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தாலும், முதலில் பிடித்த கட்டணத்தை விற்பவருக்குத் திருப்பித் தரமாட்டார்கள். பேனாவும் விற்கவில்லை, ஒன்பது டாலரும் போச்சு. அவன் இப்போது "பிடிக்கவில்லை என்று திருப்பினால் கட்டணம் கழித்துத் தருவேன், பழுது என்றால் முழுதாகத் தருவேன்" என்று விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறான்.

அடுத்த முறை விற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரே வரி போதும்: "விலை 12,000, யுபிஐ அல்லது ரொக்கம். கார்டு என்றால் 12,290." எழுத்தில் இருந்தால் "அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த முறை அவர் பம்ப்பை வாங்க வரும்போது டீ கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டாலும் பம்ப்பைக் கொடுத்துவிடுங்கள், அது அவர் பேசி வாங்கியது.