பின்லாந்து காபியைக் கழுநீர் என்று சொல்பவர்களுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் சீக்கிரமே வேலைக்காகப் பின்லாந்து வரப்போகிறார் போலிருக்கிறது. "அங்கே எல்லோரும் நாள் முழுக்கக் காபி குடிப்பார்களாமே, எனக்கு அந்தப் பழக்கமே இல்லை, ஒதுக்கிவிடுவார்களா? அந்தக் காபியை வாயில் வைக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு முன்னால் எழுதியவர்கள் "கழுநீர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தாம்பெரே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் திருச்சி. அங்கே நர்ஸாக இருந்தேன். முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கு, இரண்டாவது டிகாக்‌ஷன் பிள்ளைகளுக்கு என்றிருந்த வீட்டில் வளர்ந்தவள். நம் காபியை விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்றைக்கும் லீவு நாளில் எனக்கு ஃபில்டர் காபிதான்.

முதலில் கேட்டதற்குப் பதில். ஆமாம், குடிக்கிறார்கள். தலைக்கு வருஷத்துக்குச் சுமார் பத்து கிலோ காபித்தூள். உலகத்தில் அதிகமாகக் காபி குடிக்கும் நாடுகளின் வரிசையில் எப்போதும் முன்னால் நிற்பவர்கள். எழுந்ததும் ஒன்று, வேலைக்கு வந்ததும் ஒன்று, ஒன்பது மணி சுமாருக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. வீட்டுக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்குக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். சானா என்கிற நீராவி அறையில் குளித்துவிட்டு வந்தால் காபி, சாவு வீட்டில் அடக்கம் முடிந்ததும் காபி, ஒலிம்பிக்கில் பதக்கம் வந்தால் அதற்கென்று கேக்கோடு காபி, ஓட்டுப் போட்டுவிட்டு வரும் வழியில் காபி. தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் சந்தைத் திடலில் கூடாரம் போட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுப்பார்கள்.

ருசி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொட்டையை ரொம்ப லேசாக வறுப்பார்கள். நம் தூளின் கருமை இருக்காது, செம்பழுப்பாக இருக்கும். தாளில் வடிகட்டி, கோப்பை நிறைய, பெரும்பாலும் சர்க்கரை இல்லாமல் குடிப்பார்கள். பால் சேர்ப்பவர்கள் டப்பாவிலிருந்து சில்லென்று அப்படியே ஊற்றிக்கொள்வார்கள். கொதிக்கக் கொதிக்க நுரை ஆற்றிக் குடித்தவர்களுக்கு அது உறுத்தும், புரிகிறது. ஆனால் லேசாக வறுத்த தூளில் பழத்தின் புளிப்பு மாதிரி ஒன்று நாக்கின் ஓரத்தில் நிற்கும். இந்த ஊர்த் தண்ணீர் உப்பு இல்லாத மெல்லிய தண்ணீர், அந்தப் புளிப்பை மறைக்காமல் கொண்டுவருகிறது. இங்கே காபி விற்கும் பவுலிக் கம்பெனி 1876-இல் ஆரம்பித்தது. 1904 முதல் வறுத்து விற்கிறார்கள். அதற்கு முன் ஜனங்கள் பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டில்தான் வறுத்தார்கள். அவர்களுடைய 'யுஹ்லா மொக்கா' 1929-இல் வந்தது, இன்றைக்கும் பாதி வீடுகளில் அந்தச் சிவப்புப் பாக்கெட்டைப் பார்க்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பழகிய நாக்கு அவர்களுடையது. ஏர்போர்ட்டில் ஒரு கோப்பை குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமே இல்லை.

எங்கள் இல்லத்தில் மதியம் இரண்டு மணிக் காபிதான் நாளின் பெரிய காரியம். பம்ப் வைத்த ஃபிளாஸ்க், கோப்பை, சாஸர், ஒரு தட்டில் புல்லா என்கிற ஏலக்காய் பன், எல்லாம் தள்ளுவண்டியில் வரும். அந்த ஏலக்காய் வாசனை அடித்தால் எனக்கு ஊர் ஞாபகம் வரும், மறைக்க மாட்டேன். தொண்ணூறைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். மகன் வந்து நின்றால் சில நாள் அடையாளம் தெரியாது. ஆனால் இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் மேஜையில் வந்து உட்கார்ந்து, துணியில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருப்பார். காபியைச் சாஸரில் ஊற்றி, ஒரு சர்க்கரைக் கட்டியை முன்பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாக உறிஞ்சுவார். இங்கே பழைய ஆட்களின் பழக்கம் அது. கை நடுங்கும். சிந்துகிறது என்று, இரண்டு பக்கமும் பிடி வைத்த பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார். அதன்பிறகு நான் பீங்கான் கோப்பையில் பாதி மட்டும் ஊற்றி, சாஸருக்குக் கீழே ஈரத் துணியை மடித்து வைப்பேன். நழுவாது. ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்த நாட்கள் உண்டு.

அம்மா ஊரிலிருந்து கும்பகோணத்துத் தூள் அனுப்பியிருந்தார், சிக்கரி கலந்தது. ஊழியர் அறையில் ஃபில்டரில் போட்டேன். எங்கள் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அந்தப் பாட்டிக்கும் ஒரு வாய் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதட்டில் வைப்பதற்கு முன் முகர்ந்தார். முகர்ந்ததும் "சிக்கரி" என்றார். என்னென்னவோ மறந்துபோனவர், இதை ஒரு நொடியில் சொன்னார்.

அப்புறம் பேச ஆரம்பித்தார். 1939-இல் சண்டை வந்ததும் இங்கே காபி ரேஷனாகிவிட்டது. பிறகு கிடைக்காமலே போனது. கம்பையும் பார்லியையும் வறுத்து, சிக்கரியும் சேர்த்து ஒன்றைக் காய்ச்சிக் குடித்தார்கள் (இங்குள்ள கம்பு நம் கம்பு இல்லை, 'ரை' தானியம்). காட்டுச்செடி வேரைத் தோண்டிக் காயவைத்து வறுத்தவர்களும் உண்டு. எப்போதாவது கொஞ்சம் நிஜத் தூள் கிடைத்தால், பாட்டியின் அம்மா அந்தச் சக்கையையே திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பாராம். 1946 பிப்ரவரியில் ஹெராக்லெஸ் என்ற கப்பல் பிரேசில் காபியோடு துர்க்கு துறைமுகத்துக்கு வந்தது. அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரேஷன் முழுசாக நின்றதோ 1954-இல்தான். பாட்டிக்குக் கப்பல் பெயர் வரை ஞாபகம் இருந்தது. அந்தத் தூள் வீட்டுக்கு வந்த அன்று, வாசனை வெளியே போகக் கூடாது என்று அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாராம்.

சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போதுதான் நல்ல காபி கிடைக்கிறதே, உன் அம்மா ஏன் இன்னும் இதைக் கலக்கிறார்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் கஷ்டம் என்று நினைத்துவிட்டார். எங்களுக்கு அந்தக் கசப்பு பிடிக்கும், விரும்பித்தான் சேர்க்கிறோம் என்று சொன்னேன். நம்பவில்லை. "அம்மாவுக்கு ஒரு பாக்கெட் அனுப்பு" என்று தள்ளுவண்டியைக் காட்டினார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது எடுத்துப் போனேன். அம்மா பால் விடாமல் குடித்துப் பார்த்து, "புளிக்குதுடி" என்றார். சரியாகப் பிடித்தார், அது புளிக்கத்தான் செய்யும்.

காபியைக் கழுநீர் என்று எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதினைந்து வருஷம் ஏங்கிக் கிடந்த ஜனங்கள் குடிக்கிற காபி அது. அதைப் பற்றிப் பேசும்போது ஒரு மரியாதை வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே காபி இடைவேளை முதலாளி மனசு வைத்துக் கொடுப்பது இல்லை. தொழிற்சங்கங்கள் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். துறைக்குத் துறை மாறும், பல இடங்களில் பத்து, பன்னிரண்டு நிமிஷம், நாளைக்கு இரண்டு தடவை. எங்கள் இல்லத்தில் பொறுப்பாளர், நர்ஸுகள், சமையல்காரர், தரை துடைக்க வருபவர், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே மேஜை, ஒரே மாதிரிக் கோப்பை. குடித்துவிட்டு அவரவர் கோப்பையை அவரவரே பாத்திரம் கழுவும் மெஷினில் வைக்க வேண்டும், பொறுப்பாளர் உட்பட. ஊரில் நான் வேலை பார்த்த இடத்தில் ஆயாம்மாக்கள் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவர்கள் டம்ளர் தனியாக ஜன்னல் மேல் கவிழ்த்திருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. உடனே "ஊரைக் கேவலப்படுத்துகிறாள்" என்று எழுத வராதீர்கள். இந்த ஊரிலும் குறை இருக்கிறது. மொழி சரியாக வராதவரை அதே மேஜையில் உட்கார்ந்தாலும் பேச்சு நம்மைத் தாண்டியேதான் போகும். எனக்கும் அது நடந்தது, இப்போதும் சில நாள் நடக்கிறது. ஆனால் யாரும் என்னைப் படியில் உட்காரச் சொன்னதில்லை.

கேட்காததைச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். நீங்கள் ஏஜென்ட் மூலம் வருகிறீர்களா? என்னிடம் ஊரில் ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்கில் வாங்கினார், "பிராசஸிங்" என்றார், "மொழி வகுப்பு" என்றார். அம்மாவின் வளையல் அதில் போனது. வந்த பிறகுதான் தெரிந்தது, வேலை தேடித் தந்ததற்காக வேலைக்கு வருபவரிடம் காசு வாங்குவது பின்லாந்துச் சட்டப்படி கூடாது. படித்த நர்ஸான நான் உதவியாளராகத்தான் ஆரம்பித்தேன். படிப்பை அங்கீகரிக்க வைக்க மொழித் தேர்வும் கூடுதல் படிப்பும் தேவை என்பதை அந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லை. காசு கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இதைப் படித்து ஒருவர் தப்பித்தாலும் எனக்கு ஆறுதல்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன். காபி குடிக்காவிட்டால் யாரும் ஒதுக்க மாட்டார்கள். டீ குடியுங்கள், வெந்நீர் குடியுங்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இடைவேளைக்குப் போகாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். நம் ஊரில் அது உழைப்பாளி என்ற பெயர் வாங்கித் தரும், இங்கே உங்களுக்கு அவர்களோடு உட்காரப் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். மேஜையில் நீண்ட மௌனம் இருக்கும், பயப்பட வேண்டாம், யாரும் கோபத்தில் இல்லை. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காமலே காபி வரும். வயதானவர்கள் வீடு என்றால் புல்லா, பிஸ்கட், கேக் என்று வரிசையாக இருக்கும். முதலில் புல்லா, கடைசியில் கிரீம் கேக். முதல் ஆளாகக் கை நீட்ட எல்லோரும் தயங்குவார்கள். "எடுங்க, எடுங்க" என்று வீட்டம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். நம் ஊர் போலவேதான். வடக்கே போனால் கோப்பையில் சீஸ் துண்டுகளைப் போட்டு மேலே காபி ஊற்றுவார்கள். அந்தச் சீஸ் உருகாது, கடிக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். ஊறியதும் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும்.

ஒருவேளை நம் காபி வேண்டும் என்று தோன்றினால், பாக்கெட்டில் வறுவல் அளவு 1 முதல் 5 வரை போட்டிருக்கும். 1 என்றால் ரொம்ப லேசான வறுவல், யுஹ்லா மொக்கா அதுதான். நீங்கள் 4 பார்த்து வாங்குங்கள், சிவப்பு டப்பாவில் வரும் கொழுப்பு நீக்காத பால் வாங்குங்கள், ஊரிலிருந்து ஒரு எவர்சில்வர் ஃபில்டர் எடுத்து வாருங்கள். சிக்கரி இல்லாமலே ஓரளவு வந்துவிடும்.

பல அலுவலகங்களில் காபித்தூள் ஊழியர்களே காசு போட்டு வாங்குவதுதான். சேர்ந்த அன்றே அந்த உண்டியலுக்கு யார் பொறுப்பு என்று விசாரியுங்கள். பானையில் கடைசிக் கோப்பையை நீங்கள் ஊற்றிக்கொண்டால் அடுத்த பானையை நீங்கள்தான் போட வேண்டும், காபி குடிக்காதவர் என்றாலும் மெஷினை எப்படி ஓட்டுவது என்று முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர் எத்தனை கோப்பைக்கு என்று ஜாடியிலேயே கோடு போட்டிருக்கும், கோப்பைக்கு ஒரு கரண்டித் தூள். அந்தக் கரண்டி தூள் டப்பாவுக்குள்ளேயே கிடக்கும்.