டிலிக்குக் கிளம்பும் தம்பிக்கு

குன்னூர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர், கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் ஓர் உதவி நிறுவனத்தில் சமூக ஆய்வாளர் வேலை வந்திருக்கிறதாம். சம்பளம் கட்டுப்படியாகுமா, சைவம் கிடைக்குமா, பயமில்லையே, முதல் ஆய்வுக்கு எப்படித் தயாராவது என்று வரிசையாகக் கேள்விகள்.

சோறும் கீரையும் கிடைக்கும், சாம்பார் பொடி மட்டும் எடுத்து வாருங்கள். பயம் கொசுவுக்குத்தான். சம்பளம் டாலரில் வரும், அந்த ஊர்ப் பணமே டாலர்தான், அதனால் செலவும் அப்படியே போகும். ஒப்பந்தத்தில் 'கன்சல்டன்ட்' என்று போட்டிருந்தால் அது நாள்கூலிக்கு வைத்த மரியாதைப் பெயர். டெங்குவில் பன்னிரண்டு நாள் படுத்தேன், பன்னிரண்டு நாளும் பைசா வரவில்லை.

நான் போனது 2008இல். 2006 கலவரத்தில் வீடு எரிந்தும் பயந்தும் ஓடிய ஒன்றரை லட்சம் பேரில் பலர் அப்போதும் கூடாரத்தில் இருந்தார்கள். எரிந்த வீட்டுக்கு 4,500 டாலர் வரை கொடுத்து அரசு முகாம்களைக் காலி செய்துகொண்டிருந்தது. திரும்பிப் போனால் பக்கத்து வீட்டார் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுதுவது என் வேலை. கையில் அறுபது கேள்வி, வாயில் அந்த ஊர் மொழியான டெட்டம் ஒரு வார்த்தை கிடையாது. விமான நிலையத்தை ஒட்டிய முகாமில் ஓர் அம்மா சோளம் வேகவைத்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னார். மொழிபெயர்த்த பையன், "திட்டத்துக்கு நன்றி சொல்கிறார்" என்றான். அப்படியே எழுதிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து, டெட்டம் ஓரளவு காதில் ஏறிய பிறகு, அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். "இதற்கு முன்னால் வந்தவர்களும் எழுதினார்கள். அந்தக் காகிதமெல்லாம் எங்கே போச்சு?" என்றுதான் கேட்டிருக்கிறார். நான் தேடிப் போனபோது முகாமே இல்லை.

எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கணக்கெடுக்க யார் வந்தாலும் பிஸ்கட் டின்னிலிருந்து குடும்ப அட்டையை எடுத்து நீட்டுவாள், வந்தவர் எழுதிக்கொண்டு போவார், டின் மூடும். ஒருவராவது திரும்பி வந்து பார்த்ததில்லை.

அதனால் தம்பி, கையெழுத்துப் போடும் முன்னாலேயே இரண்டு நாள் கேட்டு வாங்குங்கள். அறிக்கை முடிந்ததும் ஒரு பக்கம் டெட்டத்தில் எழுதி அதே ஊரில் போய் வாசிக்க. தர மாட்டேன் என்பார்கள், நான் சொந்த லீவில் போய் வாசித்திருக்கிறேன். டெட்டம் கற்றுக்கொள்ளுங்கள், இன்னொரு ஆட்சிமொழியான போர்த்துகீஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நம்மாட்கள் சிலர் பத்து வருஷமாக ஏசி வண்டியும் ஒரே இந்தியன் ஹோட்டலுமாக இருந்துகொண்டு, "இவங்களுக்கு உழைக்கவே தெரியாது" என்பார்கள். எங்களைச் 'சிலோன்காரங்க' என்று ஒதுக்கினவர்கள் பேச்சும் இதேதான். அவர்களோடு ஒட்டாதீர்கள். மக்காச்சோளமும் பாசிப்பயறும் பூசணியும் போட்டு பதார் தாஆன் வைப்பார்கள், நம் கூட்டு மாதிரியே இருக்கும், உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அப்புறம் ஸ்வெட்டர். டிலி வெயிலில் நான் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்வெட்டர் எடுத்தபோது ஆபீஸே சிரித்தது. மலைமேல் மௌபிசேவில் முதல் ராத்திரி தங்கினோம், சிரித்தவர்களில் இரண்டு பேர் கடன் கேட்டார்கள். ஒன்றைத்தான் கொடுத்தேன்.