விக்கிறவர் சொல்ற கதையும் துப்பாக்கி சொல்ற கதையும்

கேள்வி: பழைய ராணுவ ரைஃபிள் சேர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப ஒரு ஜப்பான் அரிசாகா டைப் 99 விலைக்கு வந்திருக்கு, ரெண்டாம் உலகப் போர்ல பசிபிக் தீவு குவாடல்கனால்ல நடந்த சண்டையில பிடிச்சதுன்னு விக்கிறவர் சொல்றார். மேல இருந்த பூ முத்திரைய யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க, தோள்ல வைக்கிற மரப் பின்கட்டைல நீளமா ஒரு விரிசல் வேற. வாங்கி பாலிஷ் போட்டு புதுசு மாதிரி ஆக்கிடலாமா?

பதில்: பாலிஷ் மட்டும் வேணவே வேணாம்ங்க, கெஞ்சிக் கேக்குறேன். உப்புத்தாள் ஒரு தடவ பட்டுச்சுன்னா கட்டைல இருக்குற சின்னச் சின்ன முத்திரை, தழும்பு எல்லாம் போயிடும், போனா திரும்ப வராது. நீங்க விரிசல்னு சொல்றது அநேகமா விரிசலே இல்ல, அரிசாகா பின்கட்டைய ரெண்டு துண்டா செஞ்சு ஒண்ணோட ஒண்ணு கோர்த்துதான் ஒட்டுவாங்க, அந்த இணைப்புக் கோடு அது. தெரியாம அதுல பசை ஊத்தி அசிங்கம் பண்ணி வச்சவங்க இருக்காங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

அந்தப் பூ 16 இதழ் சாமந்தி, ஜப்பான் பேரரசரோட முத்திரை. 1945ல சரணடைஞ்சதுக்கு அப்புறம் ஒப்படைச்ச துப்பாக்கிகள்லதான் பெரும்பாலும் அத தேய்ச்சாங்க, சண்டைக்கு நடுவுல சிப்பாய் கையில கிடைச்சதுல பூ பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதனால உங்க ஆள் சொல்ற கதை எனக்கு இங்கயே இடிக்குது. இத வச்சு மட்டும் முடிவு பண்ண வேணாம், இன்னொண்ணும் பாருங்க. ஆரம்பத்துல செஞ்ச டைப் 99ல விமானத்தக் குறி பாக்க மடக்குற ரெக்கை, கீழ ஒத்தக் கம்பிக் கால், போல்ட் மேல தூசி மூடி, பின்கட்டை முனைல இரும்புத் தகடுன்னு எல்லாம் பார்த்துப் பார்த்து செஞ்சிருப்பாங்க. போர் கடைசில இரும்பும் இல்ல நேரமும் இல்ல, அதனால தகட்டுக்குப் பதிலா மரப்பலகை, அசையாத குறி, கரடுமுரடான வேலை. குவாடல்கனால் சண்டை 1943 பிப்ரவரியோட முடிஞ்சு போச்சு. உங்களுதுல மரப்பலகை இருந்தா அது அந்தத் தீவுக்குப் போயிருக்கவே முடியாது. ஆனாலும் வாங்குங்க, கதைக்குத் தர்ற காச மட்டும் குறைச்சுக்கோங்க, ஏன்னா அந்தத் தேய்ச்ச தழும்பே ஒரு நாடு தோத்த நாளோட அடையாளம், என் கண்ணுக்கு அது பூவ விட கனமா தெரியுது. மறுபடி பூ வெட்டி வைக்காதீங்க.

சுட்டுப் பாக்குற ஆசை இருந்தா முதல்ல தெரிஞ்ச கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பாக்குறவர்) கிட்ட காட்டுங்க. பயிற்சிக்குன்னு வார்ப்பு இரும்புல செஞ்ச ஜப்பான் துப்பாக்கிகளும் அசல் மாதிரியே இருக்கும், அதுல நிஜத் தோட்டா போட்டா வெடிச்சுடும். லைசென்ஸ் விஷயம் ஊருக்கு ஊர் மாறும், காசு கொடுக்குறதுக்கு முன்னாடி அத முடிங்க.

கேள்வி: என்கிட்ட இருக்குற ரஷ்ய ரைஃபிள் மோசின் நாகான்ட்ல கட்டத்துக்குள்ள எஸ்ஏ (SA)ன்னு இருக்கு. 1939ல ரஷ்யாவும் பின்லாந்தும் மோதுன குளிர்காலப் போர்ல ரஷ்யாகிட்டருந்து பின்லாந்து பிடிச்சதா?

பதில்: எஸ்ஏ பின்லாந்து ராணுவ முத்திரை, அது சரி. ஆனா 1917ல ரஷ்யாலருந்து பிரிஞ்சப்பவே அங்க நிறைய மோசின் தங்கிடுச்சு, அப்புறம் வெளியிலருந்தும் வாங்கினாங்க, அதனால முத்திரை மட்டும் போதாது. பாரல்ல செஞ்ச வருஷம் இருக்கும், பாருங்க. குளிர்காலப் போர் 1940 மார்ச்ல முடிஞ்சிடுச்சு. 1941, 42ன்னு இருந்தா அது அடுத்து 1944 வரைக்கும் நடந்த போர்ல கிடைச்சதா இருக்கலாம்.