சும்மா இருக்கும் சர்வர் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது?

கேள்வி: எங்கள் ஆய்வுக் குழுவிடம் 40 நோடு (ஒவ்வொன்றும் ஒரு சர்வர்) கொண்ட கிளஸ்டர் இருக்கிறது. வேலைகளை நோடுகளுக்குப் பங்கிடும் மென்பொருளான ஸ்லர்ம் வழியாக அனுப்புகிறோம். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. பழைய சர்வர்களை மாற்றுவதா, ஏசியில் கைவைப்பதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். அந்த 40 நோடில் சராசரியாக எத்தனை நோடுகள் வேலை செய்கின்றன? வேலை இல்லாத சர்வர் மின்சாரம் இழுக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2007இல் கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸலும் எழுதிய கட்டுரை இதைத்தான் உடைத்தது. அன்றைய சர்வர்கள் சும்மா இருக்கும்போதும் உச்ச அளவில் ஏறக்குறையப் பாதியை இழுத்துக்கொண்டிருந்தன. இப்போதைய இயந்திரங்கள் தேவலை, ஆனாலும் ராம், ஃபேன், பவர் சப்ளை எல்லாம் விழித்துக்கொண்டேதான் இருக்கின்றன.

முதலில் அளந்துவிடுங்கள். பெரும்பாலான சர்வர்களில், அவற்றைத் தொலைவிலிருந்து கண்காணிக்க உதவும் ஐபிஎம்ஐ வழியாகவே வாட் கணக்கு கிடைக்கும். ஒரு வாரம் குறித்து வையுங்கள். உதாரணத்துக்கு, 25 நோடுகள் சும்மா நின்று தலா 120 வாட் இழுத்தால் 3 கிலோவாட். ஒரு நாளைக்கு 72 யூனிட், ஆண்டுக்கு 26,000 யூனிட்டுக்கும் மேல். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி இழுப்பது தனி.

இதற்கு மருந்து ஸ்லர்மிலேயே இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் வேலை வராத நோடை அணைத்து, வேலை வரும்போது எழுப்பும் வசதி அது. அணைக்கவும் எழுப்பவும் இரண்டு ஸ்கிரிப்ட் நீங்கள் எழுதித் தர வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் ரெஸ்யூம் டைம்அவுட், அதாவது எழுப்பிய நோடு வந்து சேர ஸ்லர்ம் காத்திருக்கும் நேரம். அதன் இயல்பு மதிப்பு 60 விநாடிதான். சர்வர் மெமரியைச் சோதித்து எழுந்து வரவே சில நிமிடம் ஆகும். அதற்குள் ஸ்லர்ம் அந்த நோடு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடும். உங்கள் சர்வர் எழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அதைவிடத் தாராளமாக வையுங்கள். வேலை இல்லாத நோடை அணைக்கும் முன் காத்திருக்கும் நேரமான சஸ்பெண்ட் டைமை மிகக் குறைவாக வைத்தால் நோடுகள் அணைவதும் எழுவதுமாகவே இருக்கும். அரை மணி நேரத்தில் தொடங்கிப் பாருங்கள். கோப்புகளைத் தாங்கும் ஸ்டோரேஜ் நோடுகளை மட்டும் அணைக்கும் நோடுகளின் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

சின்ன வேலைக்கும் முழு நோடு ஒதுக்கும்படி அமைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வேலைகளைச் சில நோடுகளில் நெருக்கி அடுக்கினால்தான் மற்றவை அணையும்.

அப்புறம் சிபியுவின் வேகம். சிப்பின் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப ஏறுவதால், வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே நல்ல மிச்சம் கிடைக்கும். மெமரிக்காகக் காத்திருக்கும் வேலைகளில், முடிய ஆகும் நேரமும் அவ்வளவாக அதிகரிக்காது. ஆனால் சிபியுவை முழுக்க உறிஞ்சும் வேலை நீண்டுபோய், மொத்தச் செலவு கூடவும் கூடும். அதனால் வாட்டைப் பார்க்காதீர்கள், ஒரு வேலை முடிய எத்தனை யூனிட் ஆனது என்று பாருங்கள். ஜிபியு இருந்தால் அதற்கு மின்வரம்பு வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

சரி, ஏசி. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை. அறை நடுங்கும் குளிரில் இருக்கத் தேவையே இல்லை. சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் காலி இடங்களை மூடிவிட்டு, ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஃபேன் வேகத்தைக் கவனியுங்கள். ஃபேனின் மின்சாரம் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு) ஏறும் என்பதால், அது இரைய ஆரம்பித்தால் ஏசியில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். ஒரு டிகிரி கீழே இறங்கி நின்றுகொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு எந்த நோடுகள் ஓய்வே இல்லாமல் ஓடுகின்றன என்பது பதிவிலேயே தெரிந்துவிடும். அவற்றில் பழையவை இருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள். எப்போதாவது ஓடும் பழைய சர்வர் அணைந்தே கிடக்கட்டும், அதற்குப் பணம் போட வேண்டாம்.